கங்காவிடம் யாரும் கேட்கவில்லை

போன வாரம் டிவியில் மறுபடியும் ‘சந்திரமுகி’. எத்தனையாவது தடவை என்று கணக்கில்லை. இந்த முறை பக்கத்தில் சித்தப்பா இருந்தார். படம் முடிந்ததும், “டாக்டர்னா இப்படி இருக்கணும்டா. நாம போன இடத்துல மூணு தடவை வரச் சொல்லியும் சும்மா பேசிட்டுத்தானே இருந்தாங்க” என்றார். அவர் சொன்னது, என் தம்பியை (சித்தப்பா மகன்) அழைத்துப்போன கவுன்சிலரை. அந்த ஒரு பேச்சுதான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். 2005இல் பி. வாசு இயக்கிய ‘சந்திரமுகி’யும், அதற்கு மூலமான ஃபாசிலின் மலையாளப் படம் ‘மணிச்சித்ரதாழ்’ (1993) படமும் எனக்குப் பிடித்தவை. பேய்க்கதை மாதிரி ஆரம்பித்து, “இது பேய் இல்லை, மனசுக்கு வந்த நோய்” என்று சாதாரண ஜனங்களிடம் சொன்ன படங்கள். மாந்திரீகரைக் கேலி செய்து விரட்டாமல் டாக்டர் தன்னோடு சேர்த்துக்கொள்கிறார். நம்பிக்கை உள்ள குடும்பத்தோடு எப்படிப் பழகவேண்டும் என்பதற்கு அது நல்ல பாடம்.

என் குறை வேறு. வீட்டில் ஒவ்வொருவராக விஷயம் தெரிந்துகொள்கிறார்கள். டாக்டருக்குத் தெரியும், கணவனுக்குத் தெரியும், மாந்திரீகருக்குத் தெரியும். கங்காவுக்கு மட்டும் தெரியாது. “உனக்குள்ள என்னம்மா நடக்குது?” என்று யாரும் அவளிடம் கேட்பதில்லை. அந்தப் புகழ்பெற்ற கட்டில் காட்சியை நினைத்துப் பாருங்கள். வெளியே கிளம்பியவளைக் கணவன் வேண்டுமென்றே தடுக்கிறான், அவள் மாறுகிறாள். ஜோதிகாவின் நடிப்பில் நாம் அசந்துபோகிறோம். ஆனால் அங்கே நடப்பது என்ன? நோயாளியைச் சீண்டிவிட்டு நோயை நிரூபிப்பது. நிஜத்தில் எந்தக் கவுன்சிலரும் இதைச் செய்யச் சொல்லமாட்டார்.

மலையாளப் படத்தில் காரணம் தெளிவாகவே வருகிறது. சின்ன வயதில் பெற்றோர் கங்காவைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிறார்கள். தனிமையும் பாட்டி சொன்ன கதைகளும் அவளோடு வளர்கின்றன. அப்படியென்றால் பேசவேண்டியது அந்தப் பிரிவைப் பற்றித்தானே? இப்போது அந்தப் பெரிய வீட்டில் அவள் எவ்வளவு தனியாக இருக்கிறாள் என்பதைப் பற்றியும்தானே? அதெல்லாம் இல்லை. பொம்மையை வைத்து ஒரு நாடகம், ஒரே ராத்திரியில் குணம். குடும்பம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. யாரும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை.

சினிமாதானே என்று விட்டுவிடலாம். ஆனால் சித்தப்பா எதிர்பார்த்தது இந்த டாக்டரைத்தான். தம்பி வேலை கிடைக்காமல் ஆறு மாதமாக அறைக்குள்ளேயே இருந்தான், சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது தடவை போனபோது கவுன்சிலர், “அப்பா அம்மாவும் உள்ள வாங்க” என்றார். சித்தப்பா, “எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?” என்று கீழே பைக்கில் உட்கார்ந்துகொண்டார். சித்தி மட்டும் போனார்.

குடும்பத்தை உள்ளே கூப்பிடுவது கவுன்சிலரின் தனிப்பட்ட ஆசை அல்ல. அதற்குப் பின்னால் நீண்ட அனுபவம் இருக்கிறது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். நம்ம வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்திலும் உறவினர் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்குவது பல பத்தாண்டுப் பழக்கம். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் மனச்சிதைவு நோயாளிகள் வீடு திரும்பியபின் என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். ஓயாமல் குறை சொல்லும் வீட்டுக்கும், அளவுக்கு மீறிப் பொத்திப்பொத்தி வைக்கும் வீட்டுக்கும் திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகம் என்று கண்டார். குடும்பம்தான் நோய்க்குக் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. குடும்பம் பேசும் விதத்தை மாற்றினால் குணமாவதற்குக் கை கொடுக்கலாம் என்றுதான் அர்த்தம். மாத்திரை தேவைப்படும் நோய்க்கு மாத்திரையும் வேண்டும். பேச்சு அதற்கு மாற்று இல்லை, துணை.

சரி, அந்த அறையில் சித்திக்கு என்ன மந்திரம் சொன்னார்கள்? ஒன்றுமில்லை. ஒரு நாளில் மகனிடம் என்னென்ன பேசுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சித்தி யோசித்து யோசித்துச் சொல்லியிருக்கிறார்: “சாப்டியா, அப்ளை பண்ணியா, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கெடைச்சிருச்சாமே.” சொல்லும்போதே அழுதுவிட்டாராம். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வேலைப் பேச்சு கிடையாது. இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி தம்பி தானாகவே வந்து தட்டை எடுத்து வைத்தானாம். முழுக்கச் சரியாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறான்.

இதைப் படமாக எடுத்தால் நூறு நாள் ஓடாது, தெரியும். ஒருவர் கேட்பார், இன்னொருவர் தயங்கித் தயங்கிச் சொல்வார், அடுத்த வாரம் மறுபடியும் அதே நாற்காலிகள். ஆனாலும் பேயை நோய் என்று சொல்லத் துணிந்த சினிமா, அடுத்த அடியாக இந்த நாற்காலிகளையும் காட்டலாம் என்பது என் எண்ணம்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், முதல் அடிக்கு 14416 இருக்கிறது. டெலி மானஸ், அரசு நடத்துவது, இலவசம், தமிழிலேயே பேசலாம். பாதிக்கப்பட்டவர்தான் பேசவேண்டும் என்றில்லை. வீட்டில் உள்ளவர்களும் பேசலாம்.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் அன்றைக்குச் சொன்னேன். டிவியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “அடுத்த தடவை எப்ப வரச் சொல்லியிருக்காங்க?” என்றார்.