ஆக்னஸ் சொல்லாமல் விட்டது

நோயாளியின் வரலாறு என்று மருத்துவமனைக் கோப்புகளில் எழுதிவைக்கப்படுவதையும் ஒரு கதைசொல்லல் வகையாகவே நான் வாசிக்கிறேன். சொல்பவர் யார், கேட்பவர் யார், எதைச் சொன்னால் எது கிடைக்கும் என்பதைப் பொறுத்து மாறுகிற பிரதி அது. ஜெண்டர் டிஸ்போரியா, அதாவது உணரும் பாலினத்துக்கும் உடலுக்கும் இடையிலான முரணால் வரும் வேதனை, குறித்த பிரதிகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே கதையை வைத்துத்தான் சிகிச்சைக்கான கதவு திறக்கிறது.

1967இல் வெளியான சமூகவியலாளர் ஹரால்ட் கார்ஃபிங்கலின் நூலில் ஆக்னஸ் பற்றிய இயல் ஒன்று உண்டு. ஆக்னஸ் என்பது அவருக்கு இடப்பட்ட புனைபெயர். 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவத் துறைக்கு வந்தபோது அவருக்கு 19 வயது, தட்டச்சர் வேலை. ஆணாக வளர்க்கப்பட்டவர். பருவ வயதில் மார்பு தானாகவே வளர்ந்தது என்று சொன்னார். மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்டோலரும் கார்ஃபிங்கலும் அவரோடு மாதக்கணக்கில் பேசினார்கள். கார்ஃபிங்கலின் ஒலிப்பதிவு மட்டுமே ஏறத்தாழ 35 மணி நேரம். இடைப்பாலினர் என்று முடிவாகி, 1959இல் அறுவை சிகிச்சை நடந்தது.

கார்ஃபிங்கல் அவரை அறிமுகப்படுத்தும் இடத்தைப் பெண்கள் நிதானமாக வாசிக்க வேண்டும். உயரம், மெலிவு, கூடவே மார்பு இடை இடுப்பின் அளவுகள்: 38, 25, 38. ஆய்வு நூலில்தான்! தன்னைப் பெண் என்று நிறுவ வந்தவர் முதலில் கடக்க வேண்டியிருந்தது நாம் நன்கறிந்த அதே பார்வையைத்தான். காதலனின் தாயிடம் சமையல் கற்றதும் அங்கே பெண்மைக்குப் பயிற்சியாகப் பதிவாகிறது. அவர்கள் மதிப்பிட்டது ஆக்னஸின் மனத்தை மட்டுமல்ல. அமெரிக்க நடுத்தர வர்க்கத்து நல்ல பெண் என்ற அச்சில் அவர் எவ்வளவு பொருந்துகிறார் என்பதையும்தான்.

1966இல் ஆக்னஸ் ஸ்டோலரிடம் உண்மையைச் சொன்னார். 12 வயதிலிருந்தே, தாய்க்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளை ரகசியமாக எடுத்து விழுங்கி வந்திருக்கிறார். கார்ஃபிங்கல் இதை நூலின் பின்னிணைப்பில் சேர்த்தார். எவ்வளவு கேட்டும் தகவல் கிடைக்காத விஷயங்கள் என்று இயலுக்குள்ளேயே அவர் ஒரு பட்டியல் தந்திருக்கிறார். வெளியிலிருந்து ஹார்மோன் கிடைத்திருக்குமா என்பது அதில் முதலாவது. பிரதி தன் ஓட்டையைத் தானே காட்டிக்கொண்டிருந்தது.

இதைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். சாண்டி ஸ்டோன் 1991இல் வெளியான தன் கட்டுரையில் இதை இன்னும் விரித்தார். ஹாரி பெஞ்சமின் 1966இல் எழுதிய மருத்துவ நூல் சிகிச்சை வேண்டியவர்களிடையே கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. அதிலிருந்த இலக்கணப்படியே அவர்கள் தம் வாழ்க்கையை மருத்துவர்களிடம் ஒப்பித்தார்கள். எல்லாரும் ஒன்றுபோலவே பேசுவதைக் கண்ட மருத்துவர்கள் தங்கள் கோட்பாடு நிரூபணமாகிவிட்டதாக மகிழ்ந்தார்கள். கோனார் நோட்ஸை மனப்பாடம் செய்து எழுதிய விடைத்தாளுக்கு முழு மதிப்பெண் போடுகிற நமக்கு இது புரியாததல்ல.

ஒப்பிக்க மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது? லூ சல்லிவன் ஒரு திருநம்பி. தான் ஆண்களை விரும்பும் ஆண் என்பதை மறைக்கவில்லை. 1980இல் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவக் குழு அவரை ஏற்க மறுத்தது. பெண்ணை விரும்புகிறவனே ஆண் என்பது அவர்கள் பாடம்.

இந்த இடத்தில் நம் சொந்தக் கதையும் நினைவுக்கு வரவேண்டும். கருக்கலைப்புக்கான 1971ஆம் ஆண்டுச் சட்டம் கருத்தடை தவறியதைக் காரணமாக ஏற்றது, ஆனால் மணமான பெண்ணுக்கு மட்டும். 2021இல்தான் அந்த வாசகம் மாறியது. மணமாகாதவள் அதுவரை மருத்துவர் முன் வேறு கதை தேட வேண்டியிருந்தது. திருநங்கையர் மீதான மதிப்பீடு பெண்ணியத்தின் விஷயமல்ல என்று சொல்லும் தோழிகளிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்படியென்றால் மனநல மருத்துவரே வேண்டாமா? லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’வில் வரும் கடப்பா அறுவையை வாசித்தவர்கள் அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டார்கள். கதவு இல்லாத இடத்தில் கவனிப்பும் இல்லை. பயம், தனிமை, வீட்டார் துரத்திய காயம், திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்யப்போகிறோம் என்ற கலக்கம், இவற்றையெல்லாம் கேட்க ஒரு தேர்ந்த காது வேண்டும். ஆனால் அந்தக் காதுக்கு உரியவரே கையெழுத்துப் போடும் அதிகாரியாகவும் இருந்தால், தன் ஐயத்தை எவர் வாய்திறந்து சொல்வார்? தயக்கத்தைக் கண்டுபிடிக்க ஏற்பட்ட ஏற்பாடு தயக்கத்தை ஒளிக்கக் கற்றுத்தருகிறது. சிறாருக்கான சிகிச்சை தனிக் கேள்வி, அதை இங்கே கலக்கவில்லை. நான் பேசுவது வயதுவந்தோரைப் பற்றி.

மாற்றம் வராமலில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11, இதை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துப் பாலியல் நலம் சார்ந்த இயலில் வைத்தது. திருநர் நலத்துக்கான உலகத் தொழில்முறைச் சங்கம் 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டுதல்களில், பிறப்புறுப்பு அறுவைக்கு முன்பு கேட்கப்பட்ட இரண்டு கடிதங்கள் ஒன்றாகக் குறைந்தன. கடிதம் இருக்கிறது, கதையும் இருக்கும்.

சல்லிவன் சிறுவயது முதல் எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து ஒரு தொகுப்பு 2019இல் நூலாக வந்தது. அவர் இறந்தது 1991இல். ஆசை, குழப்பம், சிரிப்பு எல்லாம் எந்த ஒழுங்குமில்லாமல் அதில் கிடக்கின்றன. கோப்பில் ஏறாத பக்கங்கள். என் முதுகலை மாணவியருக்குக் கார்ஃபிங்கலின் இயலோடு சேர்த்து இதையும் தர நினைத்திருக்கிறேன், இதை முதலில் படியுங்கள் என்ற நிபந்தனையோடு.