ஆறு மணி யாருடையது?

கூடப் படித்தவர்களை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே ஹாலில் சந்தித்தால் ஒரு விஷயம் தெரியவரும். முதல் தடவை எல்லாரும் பளிச்சென்று இருப்பார்கள். நல்ல வேலை, புதுக் கல்யாணம், லேசாகத் தொப்பை. அடுத்த தடவை கார் பெரிசாகியிருக்கும், சில பேர் வந்திருக்க மாட்டார்கள். ஏன் வரவில்லை என்று விசாரித்தால் பேச்சை மாற்றுவார்கள். விவாகரத்து, பெற்ற பிள்ளையோடு பேச்சுவார்த்தை இல்லை, இப்படி ஏதாவது. 1979-ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. முடித்த க்ளேட்டன் கிறிஸ்டென்சன் இதைத்தான் கவனித்தார். அவருடைய வகுப்பில் ஜெஃப் ஸ்கில்லிங் என்று ஒருவர். பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் கம்பெனி ஞாபகம் இருக்கும். என்ரான். மகாராஷ்டிராவில் தாபோல் மின் நிலையம் என்று நம்மையும் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, 2001 டிசம்பரில் திவாலான அதே என்ரான். அதன் தலைமையில் இருந்த ஸ்கில்லிங்குக்கு 2006-ல் இருபத்து நாலு வருஷத்துக்கு மேல் தண்டனை. பிற்பாடு குறைத்து, 2019-ல் வெளியே விட்டார்கள்.

அந்த ஸ்கில்லிங், படிக்கிற காலத்தில் நல்ல மனுஷன் என்கிறார் கிறிஸ்டென்சன். புத்திசாலி, உழைப்பாளி, குடும்பத்தின் மேல் பிரியம் உள்ளவர். ஜெயிலுக்குப் போகவோ பெண்டாட்டி பிள்ளைகளைத் தொலைக்கவோ யாரும் திட்டம் போட்டுக்கொண்டு கிளம்புவதில்லை. அப்புறம் எப்படி அங்கே போய்ச் சேர்கிறார்கள்?

இந்தக் கேள்வியை வைத்து 2010-ல் ஹார்வர்ட் மாணவர்களிடம் பேசினார். அப்போது அவருக்குப் புற்றுநோய். பேச்சு கட்டுரையாகி, 2012-ல் ஜேம்ஸ் ஆல்வொர்த், கேரன் டில்லன் என்ற இருவரோடு சேர்ந்து எழுதிய புத்தகமாக வந்தது. 'ஹவ் வில் யூ மெஷர் யுவர் லைஃப்?' உன் வாழ்க்கையை எதை வைத்து அளப்பாய்? தலைப்பைப் பார்த்ததும் இன்னொரு 'உன்னால் முடியும் தம்பி' வகையறா என்று தள்ளிவைத்திருந்தேன். தப்பு. நான் படித்த நிர்வாகப் புத்தகங்களில், படிக்கிறவனைக் கொஞ்சமாவது சங்கடப்படுத்துகிற ஒன்று இது. ஆனால் முக்கியமான இடத்தில் நழுவிவிடுகிறது. அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

ஆறடி எட்டங்குல உயரமான இந்தப் பேராசிரியரைத் தெரியாதவர்களுக்கு: பெரிய கம்பெனிகளை ஏன் குட்டிக் கம்பெனிகள் கவிழ்க்கின்றன என்று 1997-ல் ஒரு புத்தகம் எழுதி உலகப் புகழ் பெற்றவர். முட்டாள்தனத்தால் அல்ல, ஒழுங்காக நிர்வாகம் செய்வதாலேயே கவிழ்கின்றன என்றார். உடனடி லாபம் எங்கே அதிகமோ அங்கேயே பணத்தைப் போட்டுப் போட்டு, நாளைக்கு வேண்டியதைப் பட்டினி போடுகிறார்கள். இன்டெல் ஆண்டி க்ரோவ் கூப்பிட்டு வைத்துக் கேட்ட சித்தாந்தம். (சித்தாந்தத்துக்கும் கண் தப்பும். 2007-ல் ஐபோன் தேறாது என்று சொன்னவரும் இவரே.)

இதே கணக்கை வீட்டுக்குக் கொண்டுவருகிறார். உங்களிடம் மிச்சமாக அரை மணி நேரம் இருக்கிறது. ஆபீஸில் செலவழித்தால் ஒரு பிரசன்டேஷன் முடியும், ஒரு ஆர்டர் கிடைக்கும், மேலதிகாரி தலையாட்டுவார். பலன் இன்றைக்கே. பிள்ளையோடு செலவழித்தால் என்ன கிடைக்கும்? இன்றைக்கும் அவன் தங்கச்சியை அடிப்பான், அறை குப்பையாகவே கிடக்கும். நல்லபடியாக வளர்த்தோமா என்பது இருபது வருஷம் கழித்துத்தான் தெரியும். அதனால் குடும்பம்தான் உசத்தி என்று வாயால் சொல்லிக்கொண்டே, கையால் அரை மணியை ஆபீஸுக்குக் கொடுத்துவிடுகிறோம். நீங்கள் எதை முக்கியம் என்கிறீர்கள் என்பதைவிட, நேரம் எங்கே போகிறது என்பதே உங்கள் உண்மையான திட்டம். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு என் பழைய டைரிகளை எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

மில்க் ஷேக் கதை இன்னொன்று. ஒரு துரித உணவுக் கடையில் கிட்டத்தட்ட பாதி மில்க் ஷேக் காலை வேளையில் விற்கிறது. ஏன்? தூரத்து ஆபீஸுக்குத் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு, வழி முழுக்க மெதுவாக உறிஞ்ச ஏதாவது வேண்டும். மில்க் ஷேக்கை அவர்கள் 'வேலைக்கு அமர்த்துகிறார்கள்' என்பது இவர் பாஷை. சரி, உங்கள் மனைவி உங்களை எந்த வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்? ஸ்காட் என்று ஒரு நண்பர். ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் சமையலறை அலங்கோலம். பாத்திரம் தேய்த்து, சுத்தம் செய்து, சாப்பாடும் பண்ணுகிறார். பாராட்டு வரும் என்று பார்த்தால் கோபம் வருகிறது. மூன்று குழந்தைகளோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிய அந்தம்மாவுக்கு வேண்டியிருந்தது பாத்திரம் தேய்க்கிற ஆள் இல்லை. ஒரு பெரிய மனுஷர் பேச்சு, பத்து நிமிஷம். நம் ஊர் பாட்டிகள் இதை மில்க் ஷேக் ஆராய்ச்சி இல்லாமலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் ஹார்வர்டில் சொன்னால்தான் மகன்கள் கேட்கிறார்கள்.

இதெல்லாம் சரி. என் சண்டை வேறு இடத்தில்.

புத்தகம் முழுக்க ஒரு 'நீ' வருகிறார். அவருக்குத் தன் நேரம் தன் கையில் இருக்கிறது. அரை மணியை அங்கே போடுவதா இங்கே போடுவதா என்று உட்கார்ந்து யோசிக்க முடிகிறது. கிறிஸ்டென்சன் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது ராத்திரி ஒரு மணி நேரம் ஒதுக்கி, கடவுள் என்னை எதற்காகப் படைத்தார் என்று வாசித்தும் பிரார்த்தித்தும் தேடினாராம். அங்கேயே கூடைப்பந்து இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, ஞாயிறு ஆடுவதில்லை என்ற விரதத்துக்காக மறுத்துவிட்டார். ஒரே ஒரு தடவை என்று வளைந்தால் வாழ்நாள் பூரா வளைவோம் என்பது பாடம். நல்ல பாடம்தான். அவர் இல்லாமலேயே டீம் ஜெயித்துவிட்டது. விரதம் காத்தவரைப் பார்த்துக் கை தட்டுகிற நாம், அவர் இடத்தில் ஓடி ஆடின பையனை நினைப்பதில்லை.

ஒருவருடைய நேரம் பெரும்பாலும் இன்னொருவர் கையில் இருக்கிறது. சாயங்காலம் அஞ்சரைக்கு 'ஒரு சின்ன டிஸ்கஷன்' என்று மேலதிகாரி கூப்பிட்டால் எழுந்து போகிறவனிடம் எந்தத் திட்டம் செல்லும்? வீட்டிலும் இதே கதை. 2024-ல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேயில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்குச் செலவழிப்பது நாளுக்கு 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். இந்த 289-க்குச் சொந்தக்காரி எந்த அரை மணியை எங்கே முதலீடு செய்வது?

புத்தகத்துக்குள்ளேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கூட எழுதிய கேரன் டில்லன், 'ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். கிறிஸ்டென்சனோடு பேசியபிறகு தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, குடும்பத்துக்கு நேரம் வேண்டும் என்று அந்தப் பதவியை விட்டார். புத்தகத்தில் சந்தோஷமாகவே சொல்கிறார். அவருடைய முடிவு, அவருடைய சந்தோஷம், நாம் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வேலையும் வீடும் இரண்டும் வேண்டும் என்று ஆரம்பிக்கிற ஒரு புத்தகத்தில், அதைக் கேட்ட முதல் வாசகி ராஜினாமா செய்திருக்கிறார் என்றால், ஒரு பத்தி நின்று யோசித்திருக்க வேண்டாமா? அந்த நாற்காலியை வைத்துக்கொண்டே சாயங்காலம் வீடு திரும்ப ஏன் வழியில்லை என்று மூன்று பேரில் ஒருவராவது கேட்டிருக்கலாம்.

ஆச்சரியம் என்னவென்றால், இதற்குப் பதில் அவரிடமே இருந்தது. எம்.ஐ.டி. பேராசிரியர்களோடு சேர்ந்து ஒரு செராமிக்ஸ் கம்பெனி நடத்தினார். ஒரு நாள் கம்பெனி பிக்னிக். தன்னிடம் வேலை பார்க்கிற ஒரு பெண் விஞ்ஞானி, கணவர் குழந்தைகளோடு வந்திருக்கிறார். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவருக்கு ஒரு எண்ணம். காலையில் உற்சாகமாகக் கிளம்புகிற இந்தப் பெண், பத்து மணி நேரம் அலட்சியப்படுத்தப்பட்டு, திறமைக்கு வேலையில்லாமல், சோர்ந்து போய்க் கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால், அந்தக் குழந்தைகளிடம் எப்படிப் பேசுவாள்? இன்னொரு நாள், உருப்படியாக எதையோ கற்றுக்கொண்டு, மதிக்கப்பட்டு வீட்டுக்குப் போனால்? அதனால் நிர்வாகம் என்பது, ஒழுங்காகச் செய்தால், தொழில்களிலேயே உன்னதமானது என்று முடிவுக்கு வருகிறார்.

புத்தகத்தின் மிகச் சிறந்த இடம் இது. ஒரு மேனேஜருடைய வேலை ஆபீஸ் வாசலில் முடிவதில்லை, இன்னொருத்தர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை வரை போகிறது என்று இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்! தன்னுடைய குழந்தை, தன்னுடைய நேரம், தன்னுடைய நேர்மை என்று மறுபடி 'நீ'க்குத் திரும்பிவிடுகிறார். இத்தனைக்கும் தன் வாழ்க்கையை எதை வைத்து அளப்பேன் என்ற கேள்விக்கு அவர் கடைசியில் கண்ட விடை டாலர் இல்லை, தான் தொட்ட தனித்தனி மனிதர்கள். அந்த பிக்னிக் பெண் நாலரை மணிக்குக் கிளம்ப முடிந்ததா என்பது அந்தக் கணக்கில் வராதா?

எனக்கு இது ஏன் உறைத்தது என்று சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்த காலத்தில் என் கீழே ஒருவர். கெட்டிக்காரர், அதிகம் பேச மாட்டார். மாதாந்திர ரிப்போர்ட்டை நாலு மணிக்கு மேல்தான் திருத்த உட்காருவேன். காலையில் எனக்கு மீட்டிங்குகள். ஒரு நாள் எட்டரை வரை ஆகிவிட்டது. ரிப்போர்ட் பிரமாதமாக வந்தது, பாராட்டினேன். அன்றைக்கு அவர் மகள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடினாள் என்று பல மாதம் கழித்து வேறொருவர் சொல்லித் தெரிந்தது. "சொல்லியிருக்கலாமே?" என்றேன். "நீங்க கேக்கலை சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த ரிப்போர்ட்டை மறுநாள் காலை பதினோரு மணிக்கு அனுப்பியிருந்தாலும் ஒன்றும் குடி முழுகியிருக்காது. என் நேரத்தை நான் எப்படிச் செலவழித்தேன் என்று கிறிஸ்டென்சன் கேட்டால் ஓரளவு பதில் வைத்திருக்கிறேன். அவர் நேரத்தை எப்படிச் செலவழித்தேன் என்றால் முழிப்பேன்.

கிறிஸ்டென்சன் 2020 ஜனவரியில் போய்விட்டார். புத்தகம் இன்னும் நன்றாக விற்கிறது. விற்கட்டும். வாங்குகிறவர்கள், தங்களுக்குக் கீழே நாலு பேராவது இருந்தால், பிக்னிக் பகுதியை முதலில் படித்துவிட்டு மற்றதைத் தொடங்குவது நல்லது. ஆள் யாரும் இல்லாதவர்கள் கூச்சப்படாமல் மேலதிகாரிக்குப் பரிசாகக் கொடுக்கலாம். வேலை போனால் நான் பொறுப்பில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர் தம்பியிடம் என் பிரதியைக் கொடுத்தேன். அவர் டீமில் பதினான்கு பேர். ஒரே வாரத்தில் படித்துவிட்டார். "சூப்பர் சார், இனிமே சண்டே லேப்டாப்பைத் தொடறதில்ல" என்றார். பென்சிலால் கோடெல்லாம் போட்டிருந்தார். நேரம் பற்றிய அத்தியாயத்தில் வரிக்கு வரி கோடு. பிக்னிக் பக்கம் சுத்தமாக இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து, மறுபடி ஒரு தடவை பாருங்கள் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.