ஒரே வில்லில் பாக்கும் தியாகராஜரும்

உத்தமபாளையத்திலிருந்து கோம்பை வழியாகத் தேவாரம் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். 1943இல் இளையராஜா பிறந்த ஊர். அவருடைய பாடல் ஒலிக்காத தேநீர்க்கடை கம்பம் பள்ளத்தாக்கில் இல்லை. ஆயினும் 1986இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' என்னும் கருவியிசைத் தொகுப்பை நம் பகுதியில் கேட்டோர் சிலரே. அதனைப் பற்றி எழுதுவோரும் பெரும்பாலும் அதை ஆக்கியவரைப் பற்றியே எழுதுகின்றனர். அதில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மனைக் குறித்துச் சில சொல்ல விழைகிறோம்.

திரையிசைப் பதிவில் வயலின் வாசித்தவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. 1981இல் வந்த 'ராஜபார்வை'யில் கமல்ஹாசன் பார்வையற்ற வயலின் கலைஞராக நடித்தார். திரையில் அசைந்தவை அவர் விரல்கள், ஒலித்தது நரசிம்மனின் வில். 1984இல் பாலசந்தரின் 'அச்சமில்லை அச்சமில்லை' படத்துக்கு நரசிம்மனே இசையமைத்தார். அப்போதும் அவர் பெயர் பரவலாக நிலைத்ததெனச் சொல்ல இயலாது.

வயலின் நம்மிடம் வந்து சேர்ந்த கருவி. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். மேல்நாட்டில் மோவாய்க்கடியில் இருந்த கருவி, இங்கே தரையில் அமர்ந்து வாசிப்பவரின் காலடியில் ஊன்றப்பட்டது. தந்திகள் ச-ப-ச-ப எனச் சேர்க்கப்பட்டன. அங்கே விரல் குறித்த இடத்தில் நிற்கவேண்டும். இங்கே வழுக்கிச் செல்லவேண்டும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். பல குரல்கள் ஒருங்கே ஒலிக்கும் ஒத்திசையில், ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் உறுதியாய் நின்றால்தான் மற்றொன்றோடு இணங்கும். கமகமோ சுரத்தை அசைத்தே உயிர்ப்பிக்கிறது. தோடியின் காந்தாரத்தை அசையாமல் நிறுத்திப் பாருங்கள், தோடி அங்கே இராது.

எனவே கலப்பிசை செய்வோர் பலர் இரண்டில் ஒன்றைப் பலியிடுகின்றனர். பெரும்பாலும் பலியாவது கமகம்.

இத்தொகுப்பு பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கப்பட்டது. பாக் தம் கோவில் இசைப்படிகளின் இறுதியில் 'இறைவனுக்கே மகிமை' என்று எழுதியவர். தியாகராஜர் மானிடரைப் புகழ்ந்து பாட மறுத்தவர். பக்தியில் இருவரும் ஒன்று எனச் சொல்லிவிடுவது நம் போன்றோருக்கு எளிது. ஆனால் பக்தி ஒன்றாயிருப்பதால் சுரங்கள் இணங்கிவிடுவதில்லை. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்னும் பகுதியில் வருவதும் கோவில் இசையன்று; தனி வயலினுக்கென பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை. விரைந்தோடும் அந்த இசையோடு நம் பாணி வயலின் பேசுகிறது. விருந்தாளியின் மொழியைப் போலிசெய்யாமல், தன் வீட்டு மொழியிலேயே மறுமொழி கூறுகிறது. இரு நடைகளையும் கூச்சமின்றிப் பேசும் கை இல்லாவிடில் இளையராஜாவின் எண்ணம் தாளிலேயே நின்றிருக்கும். குறையும் உண்டு. சில இடங்களில் அடியில் ஓடும் தாளம் அந்நாளைய திரைப்பதிவின் வாடையை வீசுகிறது. ('டோன்ட் கம்பேர்' என்று ஒரு பகுதிக்குப் பெயர். ஒப்பிடாதே என்றால் விமரிசகன் என்னதான் செய்வான்?)

பின்னர் நரசிம்மன் 'மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்' என்னும் நால்வர் குழுவை அமைத்தார். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. கீர்த்தனையை முதல் வயலின் கமகம் குன்றாமல் வாசிக்க, மற்ற மூன்றும் அதனைச் சுற்றி ஒத்திசையை நெய்தன. 1986இன் தொகுப்பைவிட இதுவே நமக்கு மேலானதாகப் படுகிறது. அங்கே இரு மரபுகளும் முறைவைத்துப் பேசின. இங்கே ஒத்திசை, அசையும் சுரத்துக்கு வழிவிட்டுக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது.

அந்தந்த மக்களின் இசை மரபை மதித்து வழிபாட்டில் இடமளிக்க வேண்டுமென்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கூறியது. நம் பாடகர் குழுக்களோ கீபோர்டில் பதித்துவைத்த தாளத்தை அழுத்திவிட்டு, அதன் கட்டைகளுக்கு அடங்கும் சுரங்களை மட்டுமே பாடிப் பழகிவிட்டன. ஆனந்தபைரவியில் தொடங்கும் பாடல் இரண்டாம் அடியிலேயே அசைவிழந்து நேர்கோடாகிவிடுகிறது. பாடகர் குழுவை நடத்தும் நண்பர்கள் அந்நால்வர் குழுவின் பதிவொன்றைத் தேடிப்பிடித்து, முதல் வயலினை விட்டுவிட்டுச் செல்லோவை மட்டும் ஒருமுறை கவனித்துக் கேட்கட்டும்.