சந்தைப்படுத்தலும் வலுவிழந்தோரும்: இரு சான்றுகள் பற்றிய விமர்சன நோக்கு

வணிகத்துறை மாணவர் 'அனைவரையும் உள்ளடக்கிய சந்தைப்படுத்தல்' பற்றி எழுதப் புகும்போது எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கவற்றுள் ஒக்ஸோ நிறுவனத்தின் சமையலறைக் கருவிகளும் மைக்றோசொப்ற் நிறுவனத்தின் எக்ஸ்பொக்ஸ் விளம்பரமும் முக்கியமானவை. இவற்றின் வணிக வெற்றி பேசப்படும் அளவுக்கு, இவை வலுவிழந்த மனிதரை எவ்வாறு சித்திரிக்கின்றன என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. சித்திரிப்புப் பற்றிய ஆராய்ச்சி இலக்கிய மாணவர்க்கே உரியது என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் பொருத்தமுடையதன்று.

1990இல் அமெரிக்காவில் ஒக்ஸோவின் 'குட் கிறிப்ஸ்' வரிசை சந்தைக்கு வந்தது. மூட்டுவாதத்தால் துன்புற்ற மனைவி தோல் சீவும் கருவியைப் பிடிக்க இடர்ப்படுவதைக் கண்ட சாம் பார்பர் என்னும் தொழிலதிபர், நியூயோர்க்கின் ஸ்மார்ட் டிசைன் நிறுவனத்தாரைக் கொண்டு பருத்த றப்பர்க் கைப்பிடியுடைய கருவிகளை ஆக்குவித்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. விரல் படியும் இடத்தில் மெல்லிய செதில்கள் அமைந்த அக்கைப்பிடி, கையின் வலுக்குறைவுக்கு ஈடுசெய்தது; கடைக்கு வந்தோரைத் தொட்டுப் பார்க்கவும் தூண்டியது. நோயாளருக்கான பண்டம் என்று அது விற்கப்படவில்லை. நல்ல கைப்பிடி எவர்க்கும் நல்லதே என்ற அடிப்படையில் எல்லோர்க்கும் விற்கப்பட்டது. மருந்துக்கடையின் ஒரு மூலையில் அநுதாபப் பொருளாக அது முடங்காமற் போனமைக்கு இதுவே காரணம் எனலாம்.

ஆயின் அவ்வரலாற்றிலே ஒரு பிறழ்வு உண்டு. மனைவி பெற்சி பார்பர் கட்டடக்கலை பயின்றவர். அக்கருவியின் உருவாக்கத்தில் தமக்கும் பங்குண்டு என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை என அவர் கூறியதை, தாமும் வலுவிழந்தவரான லிஸ் ஜாக்சன் 2018இல் நியூயோர்க் ரைம்ஸில் எழுதினார். கணவனின் கருணையும் மனைவியின் நோயும் கதைக்குப் போதுமானவையாக இருந்துள்ளன, ஆக்கியோள் பயனாளியாக்கப்பட்டாள். பழைய சமூக நாவல்களில் வரும் நோயுற்ற மனைவியின் பாத்திரம் இங்கு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

எக்ஸ்பொக்ஸ் விளம்பரம் இன்னும் நுணுகி நோக்கற்பாலது. உடலியக்கம் குறைந்தோருக்கான விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி 2018 செப்ரெம்பரில் 99.99 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. 2019 பெப்ரவரி 3ஆந் திகதி சுப்பர் போல் ஆட்டத்தின்போது அதன் விளம்பரம் ஒளிபரப்பாயிற்று. சிறுவர் தாமே பேசுகின்றனர். அவர்தம் குரலில் செயற்கை சிறிதும் இல்லை. விளம்பரத்தின் சிறப்பே இதுதான். நண்பர் சூழ்ந்து ஆரவாரிக்க ஒரு சிறுவன் விளையாடுகிறான். எனினும், விளையாடும்போது அவன் வேறுபட்டவனல்லன் என்ற பொருள்பட வரும் கூற்றிலேயே விளம்பரத்தின் உணர்ச்சி முழுவதும் குவிகின்றது. வேறுபாடு மறையும் கணத்திலேதான் சமத்துவம் கிட்டும் என்பதன்றோ இதன் உட்பொருள்? வலுவிழந்தோரைப் பிறர்க்கு ஊக்கமூட்டும் காட்சிப்பொருளாக்கும் போக்கினை அவுஸ்திரேலியரான ஸ்ரெல்லா யங் 2014இல் ஆற்றிய உரையொன்றிற் கண்டித்தார். இவ்விளம்பரம் அப்போக்கினின்றும் முற்றாக விடுபட்டதெனக் கூறுவதற்கில்லை.

ஏபிள்கேமர்ஸ், ஸ்பெஷல் எபெக்ற் முதலிய அமைப்புக்கள் இக்கருவியின் ஆக்கத்திலே பங்குகொண்டன. விளம்பரத்தில் அப்பங்களிப்புப் பேசப்படவில்லை. கொடுப்பது நிறுவனம், பெறுவோர் சிறுவர் என்ற அமைப்பே எஞ்சுகின்றது. ஒக்ஸோ கதையின் அமைப்பும் இதுவே. வியப்புக்குரியது என்னவெனில், கருவி பொதியப்பட்ட பெட்டி விளம்பரத்தினும் மேலானதாக அமைந்தமையாகும். வளையங்களைப் பற்றி இழுத்து, பல்லாற் கடிக்க நேராமல் திறக்கத்தக்கதாக அது வடிவமைக்கப்பட்டது. அப்பெட்டியைச் செய்தோர் வலுவிழந்த மனிதரை வாங்குவோராகவே கருதியுள்ளனர்.

வாங்குவோர் என்று கொள்ளின் விலையையும் பேசவேண்டும். கருவியின் பின்புறத்தில் வெளிப்பொத்தான்களை இணைப்பதற்கு 19 துளைகள் உள்ளன. பலர்க்கு அப்பொத்தான்களின்றிக் கருவி முழுப் பயன் தருவதில்லை. அவை தனியே வாங்கவேண்டியவை. 2019 நவம்பரில் லொஜிரெக் நிறுவனம் அத்தகைய பொத்தான்களைத் தொகுதியாக்கி விற்றபோது அதன் விலையும் 99.99 டொலராகவே இருந்தது.