வெளிநாட்டுச் சேவைக்குச் செல்லும் இசைச் சிகிச்சை மாணவர்கள்: ஆயத்தப் பயிற்சியின் நிறையும் குறையும்

அமெரிக்காவில் இசைச் சிகிச்சையாளராகத் தகுதி பெற, மேற்பார்வையின்கீழ் குறைந்தது 1,200 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். உள்நாட்டில் இவ்வளவு கவனம் காட்டும் துறை, சில வாரச் சேவைத் திட்டத்துக்காக மாணவர்களை வேற்று நாட்டுக் குழந்தைகள் இல்லங்களுக்கும் சிறப்புப் பள்ளிகளுக்கும் அனுப்பும்போதும் அதே கண்டிப்போடு அவர்களைத் தயார்செய்ய வேண்டும்.

இத்தகைய ஆயத்தத்தின் பலம் இசைப் பகுதியில்தான் இருக்கிறது. செல்லும் ஊரின் தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு, தாளம் ஆகியவற்றை மாணவர்கள் காதால் கேட்டே பழகுகிறார்கள். கிட்டாரின் நான்கைந்து கார்டுகளில் (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டுகளில்) எந்தப் பாட்டையும் அடக்கிவிடலாம் என்ற பழக்கம் இதில் உடைகிறது. கார்டுகளை அடிப்படையாகக் கொள்ளாத மெட்டுக்கு அவற்றைப் பொருத்தினால் மெட்டே உருமாறிவிடும் என்பதை விரல்களே கற்றுக்கொள்கின்றன. பண்பாடு என்பது சிகிச்சைக்குப் பின்னால் தொங்கும் திரையன்று, சிகிச்சையே அதற்குள்தான் நடக்கிறது என்று நார்வே அறிஞர் பிரின்யுல்ஃப் ஸ்டிகெ 2002இல் வெளியிட்ட நூல் விரிவாக வாதிட்டது. ஆனால் பாட்டுகளைச் சேர்த்துக்கொள்வது பண்பாட்டை அறிந்துகொள்வதாகிவிடாது. எந்தப் பாட்டை யார், எப்போது பாடலாம், எது துக்கத்துக்கு உரியது என்பதை உள்ளூர்க்காரர்தான் சொல்ல முடியும். அவரை ஆசிரியராக அமர்த்தாத பயிற்சி அரைகுறையானது.

இதைவிடப் பெரிய குறை, பிரிவுக்கு மாணவர்களைத் தயார்செய்யாமல் விடுவது. சேர்ந்து பாடும்போது நெருக்கம் விரைவில் உண்டாகிறது. இல்லத்தில் வளரும் குழந்தைக்கோ ஏற்கெனவே பலர் வந்து போயிருப்பார்கள். மூன்றே வாரத்தில் இன்னொருவரும் போய்விட்டால் அந்த இழப்பு குழந்தையுடையதே. 1968இல் சமூக விமர்சகர் இவான் இல்லிச், உதவும் எண்ணத்தோடு வராதீர்கள், பார்க்கவும் கற்கவும் வாருங்கள் என்று மெக்சிகோவுக்குச் சேவை செய்யச் செல்லும் அமெரிக்கத் தன்னார்வலர்களிடம் கடுமையாகச் சொன்னார். அந்த எச்சரிக்கை நியாயமானதே. எனினும் வாசலை முழுவதும் அடைக்கத் தேவையில்லை.

வேறு வழியொன்று நடைமுறையிலேயே உண்டு. சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989இல் வீழ்ந்தபோது ருமேனியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தனர். 1990களில் அங்கே பணியைத் தொடங்கிய ‘மியூசிக் ஆஸ் தெரபி’ என்ற பிரிட்டிஷ் அமைப்பு, குழந்தைகளோடு தானே தங்கிவிடாமல், அவர்களை நாள்தோறும் கவனிக்கும் பணியாளர்களுக்கு இசையைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தது. சிகிச்சையாளர் ஊர் திரும்பினாலும் பாட்டு நிற்காது.

மாணவர்களை இந்த வேலைக்குத் தயார்செய்ய வேறு திறன்கள் தேவை: வயதில் மூத்த பணியாளருக்குப் பணிவோடு கற்பிப்பது, மொழிபெயர்ப்பாளரோடு இணைந்து அமர்வு நடத்துவது, பணியாளர்கள் ஏற்கெனவே பாடிவருவதைக் கண்டு அதிலிருந்தே தொடங்குவது. மதிப்பெண் முறையும் மாற வேண்டும். மாணவரின் அனுபவக் குறிப்பேட்டை மட்டும் திருத்தாமல், சில மாதம் கழித்து அந்த இல்லத்தில் அமர்வுகள் தொடர்கின்றனவா என்று பணியாளர்களிடம் கேட்டு, அந்த விடையையும் மதிப்பீட்டில் சேர்க்கலாம்.