ஒதுங்குதல்: ஒரு வழக்குச் சொல்லும் ஒரு கலைச்சொல்லும்

தமிழ் இலக்கண மரபு இடக்கரடக்கலைத் தகுதி வழக்கின் ஒரு கூறாகக் கொள்கிறது. அவையில் கூறத்தகாதவற்றை மறைத்துக் கூறவேண்டும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் விதி. நன்னூல் மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றோடு அதனை ஒருங்கு வைத்தது. 'கால் கழுவி வருதல்' என்பது இலக்கண நூல்கள் இதற்கு வழக்கமாகத் தரும் எடுத்துக்காட்டு. இவ்வழக்குக் காப்பது கேட்போரின் செவியையே ஆகும். வீட்டில் கழிப்பறை இல்லாத பெண் தன் இடர்ப்பாட்டைச் சொல்லவேண்டிய இடத்தில் இம்மறைப்பும், அதற்கு மாற்றாக வந்த அரசுக் கலைச்சொல்லும் எவ்வளவு துணைநிற்கின்றன என்பது ஆராயத்தக்கது.

வழக்குச் சொற்கள்

வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல், காட்டுக்குப் போதல், கம்மாய்க்கரைக்குப் போதல் என்பன இடத்தைச் சுட்டிச் செயலை மறைப்பவை. கொல்லை உடையோர் வழக்கும் அஃது இல்லாதோர் வழக்கும் வேறுபடுதல் இவற்றிலேயே புலனாகும். 'ஒதுங்குதல்' என்பதோ இடத்தைச் சுட்டவில்லை. பிறர் பார்வையினின்று விலகுதலைச் சுட்டுகிறது. மழைக்கு ஒதுங்குதல் என்பதில் காப்புத் தேடுதலும், வழிவிட்டு ஒதுங்குதல் என்பதில் விட்டுக்கொடுத்தலும் இச்சொல்லின் பொருள்களாகும். ஆண்களுக்கும் இச்சொல் வழங்கும். எனினும் 'ஒதுங்க இடமில்லை' என்னும் தொடர் பெரும்பாலும் பெண்களைப் பற்றியே எழுகிறது. விடியுமுன்னும் இருட்டிய பின்னுமே செல்லுதல், துணையின்றிச் செல்லாமை, பகலில் அடக்கிக்கொள்ளுதல், அதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தல், அதனால் சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாதல், இருளில் பாம்புக்கும் ஆடவர் தொல்லைக்கும் அஞ்சுதல் ஆகிய அனைத்தும் அத்தொடரின் பின்னணியில் உள்ளன.

கலைச்சொல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 49.8 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 45.7 விழுக்காட்டினரும் வெளியிடங்களையே நாடினர். 2014 அக்டோபர் 2-இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கப்பட்டபின் 'திறந்தவெளியில் மலம் கழித்தல்' என்னும் தொடர் சுவரெழுத்துகளிலும் சுற்றறிக்கைகளிலும் பரவியது. மறைப்பை நீக்கிப் பேசியது இதன் சிறப்பு. குறைகள் இரண்டு. முதலாவது, தொழிற்பெயராதலின் இது செய்வோரையோ காலத்தையோ காட்டாது. எனவே விருப்பப்படி செல்லும் ஆணும் இருளுக்குக் காத்திருக்கும் பெண்ணும் ஒரே எண்ணிக்கையில் அடங்கிவிடுகின்றனர். இரண்டாவது, இது மலத்தை மட்டுமே சுட்டுகிறது. பகலெல்லாம் பெண்ணை வருத்தும் சிறுநீர்த் தேவையும், மாதவிடாய்த் துணி மாற்றும் தேவையும் இச்சொல்லுக்குள் வரவில்லை. 2019 அக்டோபர் 2-இல் ஊரக இந்தியா இப்பழக்கத்தினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வோ 19 விழுக்காட்டுக் குடும்பங்கள் எவ்விதக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை எனக் கண்டது.

மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

'டாய்லெட்: ஏக் பிரேம் கதா' (2017) என்னும் இந்தித் திரைப்படத்தில், விடியலுக்கு முன் கூட்டமாகச் செல்லும் பெண்கள் 'லோட்டா பார்ட்டி' எனப்படுகின்றனர். இந்திச் சொல்லில் கலமும் கூட்டமும் உண்டு. இதனைச் 'சொம்புக் கூட்டம்' எனப் பெயர்த்தால், இன்றைய பேச்சுவழக்கில் 'சொம்பு தூக்குதல்' முகத்துதியைக் குறிப்பதால், பொருள் திரியும். 'ஒதுங்கப் போகும் பெண்கள்' எனின் கலம் மறையும், துயரம் நிற்கும். தமிழரும் இந்தி பேசுவோரும் அருகருகே வாழும் அந்தமான் போன்ற பகுதிகளுக்கு எழுதுவோர் இதனைக் கருத்திற்கொள்ளுதல் நன்று.

வினாநிரல் பெயர்ப்போர்க்கு இவ்வேறுபாடு மேலும் இன்றியமையாதது. 'திறந்தவெளியில் மலம் கழிக்கிறீர்களா?' என்னும் வினா ஒரு பெண்ணிடம் குற்றச்சாட்டாக ஒலிக்கும். நாணம் 'இல்லை' என்று விடையளிக்கும். 'எங்கே ஒதுங்குகிறீர்கள், எப்பொழுது, யாருடன்?' என்னும் வினா தொலைவையும் நேரத்தையும் அச்சத்தையும் சொல்ல இடந்தரும். எனவே புள்ளிவிவரத் தலைப்பில் கலைச்சொல்லும், பெண்களை வினவும் இடத்தில் வழக்குச் சொல்லும் நிற்பதே தகும். இடக்கரடக்கல் அவைக்கு அடக்கம் தருவது. அப்பெண்ணின் குரலையும் அடக்குமாயின் அது தகுதி வழக்காகாது.