பாத்திக்கு நீர் ஊற்றிய கைகள்: தோட்டப்புற இலக்கியத் திறனாய்வில் ஓர் இடைவெளி

பாசனம் குறித்த தமிழ்ச் சிந்தனைக்குப் புறநானூற்றின் 18ஆம் பாடலையே நாம் பெரும்பாலும் சான்று காட்டுகிறோம். அப்பாடலில் குடபுலவியனார், பாண்டியன் நெடுஞ்செழியனை நீர்நிலைகளைப் பெருக்குமாறு வேண்டுகிறார். நிலமும் நீரும் கூடுமிடத்தே உணவு பிறக்கிறது என்பது அவர்தம் வாதம். ஆயின், அங்கு நீரை ஆள்பவன் வேந்தன். குடத்தில் நீர் சுமந்து கீரைப் பாத்திக்கு ஊற்றும் பெண் அக்காட்சியில் இல்லை.

மலேசியத் தோட்டப்புற இலக்கியம் பற்றிய நம் திறனாய்வும் இப்பார்வையினின்று விலகவில்லை. அகிலனின் 'பால்மரக் காட்டினிலே', அ. ரெங்கசாமியின் 'புதியதோர் உலகம்' போன்ற நாவல்களை அணுகுங்கால், கூலி, கங்காணி, ஒடுக்குமுறை ஆகியவற்றையே நாம் தேடுகிறோம். லயத்தின் பின்புறத்தில் விளைந்த உணவு வெறும் பின்னணியாக எஞ்சிவிடுகிறது. ஈண்டுக் குறை கூறப்படுவது படைப்பு அன்று, நம் வாசிப்பே.

வரலாறு இவ்வாசிப்பைத் திருத்துகிறது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்துடன் வாழும் தொழிலாளிக்குப் பயிரிடுதற்கு 1/16 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 2,700 சதுர அடி நிலம் ஒதுக்க வகை செய்தது. நிலத்தை அளந்த சட்டம் அதில் நீர் ஊற்றும் உழைப்பை அளக்கவில்லை. போருக்கு முன் மலாயா தன் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை இறக்குமதி செய்தது. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் அவ்வரத்து குன்றிற்று. ஆடவர் பலர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டங்களில், மரவள்ளியும் கீரையும் பயிரிட்டுக் குடும்பத்தைக் காக்கும் பொறுப்புப் பெண்டிர்மீது விழுந்தது.

ஜொகூரின் சிகாமட் மாவட்டத்தில் செம்பனை சூழ்ந்த சாஆ போன்ற ஊர்களில் சிறுபாசனம் என்பது அணையோ மதகோ அன்று. மழையற்ற வாரங்களில் அது வாளி நீர்; மழை மிகுந்தால் வடிகால். 2023 மார்ச்சில் சிகாமட் மாவட்டத்தைத் தாக்கிய வெள்ளம் வடிகாலின் இன்றியமையாமையை உணர்த்திற்று. எனினும், தோட்டத்துப் பாத்தியின் மண் நிர்வாகத்தினது. வேலை நீங்கின் வீடும், வீட்டோடு பாத்தியும் நீங்கும். பெண்ணுக்கு நிலத்தின்மீது தனியுரிமை வேண்டுமெனப் பீனா அகர்வால் 1994இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தியதன் பொருள் இங்கு நமக்குத் தெளிவாகிறது: நீர் ஊற்றுபவளுக்கு மண் உரியதாகாதவரை அவளது உணவுக்கு உறுதியில்லை.

ஆகவே, தோட்டப்புற நாவலை வகுப்பில் கற்பிக்குங்கால், பால் வெட்டியவர் யார் என்பதோடு, அன்றைய உலையில் ஏறியதை விளைவித்தவர் யார் என்பதையும் நாம் வினவுதல் வேண்டும். அவ்வினா எழாதவிடத்து, நம் இலக்கிய வரலாறு கூலிக் கணக்கேட்டின் மறுபடியாகவே நின்றுவிடும்.